14 நாள் குளிசை

மழை விட்டு நாலாம் நாள் மகனுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. மூன்று வயது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் கிணறு குனிந்து வாளியால் மொள்ளும் அளவுக்கு நிறைந்திருந்தது. நம் ஊர்ச் சுண்ணக்கல் நிலத்தில் மலக்குழித் தண்ணீர் கிணற்றுக்குக் கசிந்துவிடும் என்று தெரிந்திருந்தும் அன்று கொதிக்க வைக்காத தண்ணீரைக் கொடுத்துவிட்டேன். இப்போதும் அது மனதைக் குத்துகிறது.

டொக்டர் எழுதித் தந்தது ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, குளுக்கோஸ் தூள்) சிங்க் குளிசையும்தான். ஜீவனி நாங்கள் சின்ன வயதிலிருந்து குடித்தது; குளிசைதான் எனக்குப் புதிது. சிங்க் என்பது பள்ளிக்கூடத்தில் ‘நாகம்’ (துத்தநாகம்) என்று படித்தோமே, அதுதான். ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் 10. வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்கு 10 முதல் 14 நாள் இதைக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இலேயே சொல்லிவிட்டன.

“நின்றாலும் நிறுத்தக் கூடாது, பிள்ளை” என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார்.

முதல் நாள் கரண்டியில் கொதித்தாறிய தண்ணீர் விட்டுக் குளிசையைப் போட்டேன். அரை நிமிடத்தில் பொருமிக் கரைந்து வெள்ளையானது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன். முதலில் இனிப்பு, பிறகு தகரத்தை நக்கியது போல ஒரு சுவை. மகன் விழுங்கினான், பத்து நிமிடத்தில் சத்தி எடுத்தான். அரை மணித்தியாலத்துக்குள் வெளியே வந்தால் இன்னொன்றைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தேன். வெறும் வயிற்றில் கொடுத்ததுதான் பிழை என்று எனக்குப் பட்டது. அடுத்த நாளிலிருந்து அரிசிக் கஞ்சி குடித்த பிறகுதான் கொடுத்தேன், சத்தி வரவில்லை.

நாலாம் நாள் வயிறு சரியாகிவிட்டது. உடனே அம்மா, “இனியும் ஏனடி பிள்ளைக்குக் குளிசை?” என்றா. அம்மாவைச் சமாளித்ததுதான் பெரிய வேலை. வயிற்றோட்டத்தோடு உடம்பில் இருந்த நாகமும் போய்விடுகிறது. கொழுப்பைப் போல அதைச் சேர்த்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. புண்பட்ட குடலின் உட்புறம் ஆற அது வேண்டும். முழுதாகக் கொடுத்து முடித்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வயிற்றோட்டம் வருவதும் குறையும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கடைசி விஷயத்தைக் கேட்டதும் அம்மா அடங்கிவிட்டா.

இதற்கிடையில் என் கணவர், தலைமயிர் கொட்டுகிறது என்று பாமசியில் 50 மில்லிகிராம் குளிசை வாங்கி வந்தார். அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். வளர்ந்த ஆணுக்கு நாளுக்கு 11, பெண்ணுக்கு 8 போதும். டொக்டர் சொல்லாமல் 40ஐத் தாண்டக் கூடாது. வாரக்கணக்கில் கூடுதலாகப் போட்டால் உடம்பில் செம்புச் சத்துக் குறைந்துவிடும். நண்டும் இறைச்சியும் சாப்பிடுகிற மனிசனுக்கு இது எதற்கு? சைவக்காரர் பயறு, கடலையை ஊற வைத்து முளைகட்டிச் சாப்பிட்டால் அதிலுள்ள நாகம் உடம்பில் நன்றாகச் சேரும்.

குசினிக் கலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் மறந்து படுத்துவிட்டேன். இரவு பத்து மணிக்கு எழுந்து, அரைத் தூக்கத்தில் இருந்தவனை மடியில் நிமிர்த்தி வைத்துக் கொடுத்தேன். பதினாலாம் கோட்டை அவன்தான் போட்டான், கலண்டரின் பாதித் தாளுக்கு நீளமாக.