இறக்கத்தில் பிடித்துக்கொள்ளும் இன்ஜின்: மலையகத்துக்கு வந்த டூ-ஸ்ட்ரோக் ஏடிவிக்காரர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பக்கம் வேலைக்கு வந்து தங்குகிறவர்களை முதலில் தடுக்கி விடும் சொல் 'ஷெட்'. நம்மூரில் வண்டி மக்கர் செய்தால் மெக்கானிக் ஷெட் எங்கே என்று கேட்போம். இங்கே அதையே கேட்டால் பெட்ரோல் பங்க்குக்கு வழி சொல்லி அனுப்புவார்கள், ஏனென்றால் இங்கே ஷெட் என்றால் பெட்ரோல் போடும் இடம். ரிப்பேருக்கு 'கராஜ்' என்று கேட்க வேண்டும். உள்ளே தமிழர் இருந்தால் அண்ணே, சிங்களவர் இருந்தால் 'பாஸ்'. கொத்தனாரிலிருந்து மெக்கானிக் வரை கைத்தொழில் தெரிந்த எல்லாருக்கும் அந்தப் பட்டம் உண்டு. பிஸ்டன், ரிங், போர், ஜெட் என்ற பெயர்கள் மூன்று மொழியிலும் ஒன்றுதான் என்பதால், அதற்குமேல் பேச்சுக்குக் கஷ்டமில்லை.

கஷ்டம் வண்டியில்தான். தோட்டத்துக்குள்ளும் காய்கறிப் பண்ணைகளிலும் விடுதிகளிலும் பழைய டூ-ஸ்ட்ரோக் ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி, ஒன்று பொறுப்பில் வந்து சேரலாம். யமஹா பிளாஸ்டர் மாதிரி வண்டி: 195 சிசி, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 66 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 57, காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், உற்பத்தி 2006இல் நின்றுவிட்டது. ஆர்எக்ஸ் 100 கழற்றிப் பூட்டிய கைக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று தோன்றும். இன்ஜினைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் மதுரையில் படித்த கணக்கு இந்த உயரத்தில் செல்லாது. ஊட்டியில் வேலை பார்த்தவர்கள் மட்டும் இரண்டு பத்தி தாண்டிப் படிக்கலாம்.

நுவரெலியா 1868 மீட்டர், ஹட்டன் சுமார் 1270, பதுளை 680, கண்டி 500 சொச்சம். நுவரெலியாவில் காற்று கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு மெலிவு. குளிரால் காற்று கொஞ்சம் இறுகுகிறது, இல்லாவிட்டால் இன்னும் குறைந்திருக்கும். காற்று குறையும்போது கார்பரேட்டர் பெட்ரோலையும் தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். ஆனால் பாதியளவுக்குத்தான். மீதி எட்டு சதவீதம் அதிகப் பெட்ரோலாக உள்ளே போகும். மேட்டில் இழுவை இல்லை, 'பொத பொத' என்று நான்கு ஸ்ட்ரோக் வண்டிபோல் அடிக்கிறது, பிளக் கறுத்து நனைந்து வருகிறது என்றால் காரணம் இதுதான்.

இதற்கு மெயின் ஜெட்டை, அதாவது கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள திருகை, சிறிதாக்க வேண்டும். எவ்வளவு என்பது ஜெட்டின் ஜாதியைப் பொறுத்தது. மிகுனி கார்பரேட்டரின் அறுகோண ஜெட்டில் உள்ள எண் அதன் வழியே ஓடும் அளவைக் குறிக்கும். எட்டு சதவீதம் குறைய வேண்டுமென்றால் எண்ணையே எட்டு சதவீதம் குறைக்கலாம்: 230 இருந்தால் 210. கெய்ஹின் கார்பரேட்டரில் எண் என்பது துளையின் விட்டம். 130 என்றால் 1.30 மில்லிமீட்டர். பரப்பு எட்டு சதவீதம் குறைய விட்டம் நான்கு சதவீதம் குறைந்தால் போதும், ஆகவே 130க்கு 125. இந்த வேறுபாடு தெரியாமல் கெய்ஹினிலும் எட்டு சதவீதம் குறைத்தால் பெட்ரோல் பட்டினியில் பிஸ்டன் போய்விடும். பழைய ஜெட்டில் ஊசி விட்டு நோண்டாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அதன்மேல் பொறித்த எண் பொய்யாகிவிடும். அப்புறம் எந்தக் கணக்கும் உதவாது.

ஆக்சிலேட்டரின் எந்த இடத்தில் கோளாறு என்று பார்த்துத்தான் எதைத் தொடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஆக்சிலேட்டர் ஹவுசிங்கில் ஒரு துண்டு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐடிலிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். அதற்கு மேலேதான் மெயின் ஜெட். மலைப்பாதையில் முழு ஆக்சிலேட்டர் அபூர்வம். பெரும்பாலும் நீடிலில்தான் ஓடுகிறது. ஆகவே நுவரெலியாவில் நீடில் க்ளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். க்ளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். இதைத் தலைகீழாக நினைத்து மாட்டுகிறவர்கள் அனேகம்.

ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது. வெளியே திருப்பத் திருப்பப் பெட்ரோல் பங்கு குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலை அளப்பது, வெளியே திருப்பினால் கூடும். முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். காற்று ஸ்க்ரூவில் இரண்டரைச் சுற்றுக்கு மேல் திறந்தால்தான் ஐடில் நன்றாக இருக்கிறது என்றால் பைலட் ஜெட் பெரிது. ஒரு சுற்றுக்குள் நின்றால் சிறிது.

பிளக் பார்ப்பதற்கும் முறை உண்டு. ஐடிலில் நின்ற வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது ஜாதகம் பார்ப்பது போலத்தான். புது பிளக் போட்டு, இன்ஜின் சூடான பிறகு, ஒரு நீண்ட ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஏற்றி, கில் சுவிட்சையும் க்ளட்ச்சையும் ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்திக் கழற்ற வேண்டும். வெள்ளைப் பீங்கானின் நுனி முக்கியமில்லை. அடியில், உலோகத்துக்குள் மறைந்திருக்கும் இடத்தில் உள்ள வளையத்தைப் பாருங்கள். டீச்சாயம் போன்ற பழுப்பு நல்லது. கறுப்பு ஈரம் என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போய், அதில் மிளகுத்தூள் தூவியதுபோல் பளபளக்கும் புள்ளிகள் இருந்தால் அது உருகிய அலுமினியம், பிஸ்டனிலிருந்து வந்தது. அத்தோடு ஓட்டம் நிற்க வேண்டும். பி8ஈஎஸ் வகை பிளக் போட்ட வண்டிக்கு, அடிக்கடி நனைகிறது என்று பி7ஈஎஸ் மாட்டச் சொல்வார்கள். இந்த என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண் குறைந்தால் பிளக் சூடானது. அது பெட்ரோல் கோளாறை மறைக்குமே தவிர சரிசெய்யாது. முதலில் ஜெட்டைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து நுவரெலியாவில் வண்டி பாட்டுப் பாடுகிறது. இனிமேல்தான் ஆபத்து. அதே செட்டிங்கோடு ஹக்கலை, வெலிமடை வழியாகப் பதுளைக்கு இறக்கினால் கிட்டத்தட்ட 1200 மீட்டர் கீழே வருகிறீர்கள். காற்று அடர்கிறது, ஜெட் அப்படியே இருக்கிறது, கலவை மெலிகிறது. மேலே 210 என்றால் பதுளையில் 220 வேண்டும். இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் இதைவிட மோசமானது, ஜெட் மாற்றியும் தீராதது. டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டு, இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கில் இறக்கினால் இன்ஜின் ஆறாயிரம் சுற்றில் சுழலும், உள்ளே போகிற பெட்ரோலோ ஐடில் அளவு. ஆயிலும் அவ்வளவே. தனி ஆயில் பம்ப் உள்ள வண்டியிலும் பம்ப் ஆக்சிலேட்டர் கேபிளோடு இணைந்திருப்பதால் அதுவும் குறைந்தபட்ச அளவுதான் தரும். ஏற்றத்தில் நன்றாக உழைத்து, கீழே இறங்கும்போது பின்சக்கரம் திடீரென்று கிறீச்சிட்டு இழுபட்டால், அது பிஸ்டன் பிடித்துக்கொண்ட சத்தம். விரல் எப்போதும் க்ளட்ச்சின்மேல் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். நான்கு ஸ்ட்ரோக் பஸ்ஸும் லொறியும் கியரில் இறங்குவதைப் பார்த்து அதையே இதில் செய்யக்கூடாது. ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை க்ளட்ச்சைப் பிடித்து ஒரு சின்ன ரேஸ் கொடுங்கள். வேகத்தைப் பிரேக்கில் அடக்குங்கள். பிரேக் சூடானால் நிறுத்தித் தேநீர் குடியுங்கள், கண்டிப் பக்கம் இறங்கும் ரம்பொடை இறக்கத்தில் கடைக்குப் பஞ்சமில்லை.

பயந்துபோய் ஆயிலைக் கூட்டுவது இன்னொரு தவறு. பெட்ரோலில் ஆயில் கூடக் கூட, அதே ஜெட் வழியே போகிற பெட்ரோல் குறைகிறது. ஆயில் கூடிய கலவை மெலிந்த கலவை. ஐந்து லிட்டருக்கு 32:1 என்றால் 156 மில்லி, 40:1 என்றால் 125, 50:1 என்றால் 100. ஒரு விகிதத்தை எடுத்துக்கொண்டு அதற்கே ஜெட் பார்த்து, பிறகு மாற்றாமல் இருங்கள். பம்ப் கழற்றிய பிளாஸ்டருக்கு 32:1 பரவலான வழக்கம். பம்ப் இருக்கிற வண்டியில் ஆயில் குழாயைக் கழற்றினால் உள்ளே காற்றுக் குமிழி நிற்கும். குமிழி நகர்ந்து போகும்வரை அந்த இன்ஜினுக்கு ஆயிலே இல்லை. பம்ப்பின் ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து குமிழியில்லாமல் வரும்வரை விட்டு, அந்த ஒரு டாங்க்குக்குக் கலந்த பெட்ரோலையே ஊற்றி ஓட்டுங்கள்.

ஜெட்டெல்லாம் சரியாக இருந்தும் ரேஸ் கொடுத்து ஆக்சிலேட்டரை விட்டால் சத்தம் இறங்காமல் தொங்குகிறதா? எங்கோ காற்று கசிகிறது. மேக்னெட் பக்க ஆயில் சீல் போயிருந்தால் அங்கிருந்து காற்றை உறிஞ்சிக் கலவை மெலியும். க்ளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சும்: வெள்ளைப் புகை, கியர் ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறைவு. இதைக் கண்டுபிடிக்க ஃபார்மசியில் விற்கும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்ப்பும் முள் காட்டியும் போதும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, அதில் டியூபைப் பொருத்துங்கள். சைலன்சர் வாய்க்கும் கார்பரேட்டர் ரப்பர் வாய்க்கும் பழைய டியூப் ரப்பர் வைத்துத் தகடு போட்டு இறுக்குங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, முள் 300 (மில்லிமீட்டர் பாதரசம்) காட்டும்வரை பம்ப் செய்யுங்கள். அது ஆறு பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு, இந்த இன்ஜினுக்கு வேண்டிய அளவு அதுதான். ஆறு நிமிடம் முள் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ரப்பர் வாய், சிலிண்டர் அடி கேஸ்கெட், மேக்னெட்டைக் கழற்றி சீல் ஓரம், எங்காவது நுரை கட்டும்.

கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்கும்போதும் ஊரை மறக்கக்கூடாது. கொழும்பில் 120 பிஎஸ்ஐ காட்டும் நல்ல இன்ஜின் நுவரெலியாவில் 95, 97தான் காட்டும். வெளியே உள்ள காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கிக் அடித்துப் பாருங்கள். இது தெரியாமல் ரிங் போட்டு, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்துச் செலவு செய்தவர்கள் உண்டு. உண்மையிலேயே போர் அடிக்க வேண்டியிருந்தால், லேத்காரர் திருப்பித் தரும் சிலிண்டரில் போர்ட் (சுவரில் உள்ள வாய்) ஓரங்களைக் கட்டாயம் தடவிப் பாருங்கள். கத்திபோல் கூர்மையாக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும், எமரி வைத்து ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு இடைவெளி பாருங்கள், 66 மில்லிமீட்டர் போருக்கு 0.3க்குக் குறையக் கூடாது. பிஸ்டனின் அம்பு சைலன்சர் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் க்ளிப் எப்போதும் புதிது.

காலையில் பனிமூட்டத்தில் ஸ்டார்ட் செய்தவுடன் ஏற்றத்தில் விரட்ட வேண்டாம். நுவரெலியாவில் ஜனவரி, பிப்ரவரி விடியலில் புல்மேல் உறைபனி படியும். அலுமினிய பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும், இரும்புச் சிலிண்டர் மெதுவாகத்தான் விரியும். அப்படிப் பிடித்த பிஸ்டனில் நான்கு மூலையிலும் கீறல் இருக்கும், ஆயில் குறைந்து பிடித்ததில் சைலன்சர் பக்கத்தில் மட்டும் அதிகமாக இருக்கும். சிலிண்டர் துடுப்பு கை பொறுக்கும் அளவுக்குச் சூடாகும்வரை, நான்கைந்து நிமிடம், மெதுவாக ஓடட்டும்.

ஏர் ஃபில்டருக்கு இங்கே இரண்டு பருவம். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஓயாத மழை. அதே ஜூலை, ஆகஸ்டில் ஊவாப் பக்கம், பண்டாரவளை வழியில், காய்ந்த காற்றும் செம்மண் புழுதியும். ஒரே மாதத்தில் மலையின் ஒரு பக்கம் ஃபில்டரில் தண்ணீர், மறுபக்கம் மண். ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, சோப்பு நீரில் கழுவி, நிழலில் முழுக்கக் காயவிட்டு, ஃபில்டர் ஆயிலைப் பிசைந்து ஏற்றிப் பிழியுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப்பசை விட்டுப்போகும். உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவுங்கள். அடைத்த ஃபில்டரோடு ஜெட் பார்த்துவிட்டு, பிறகு ஃபில்டரைக் கழுவினால் கலவை மெலியும். கழுவிய பிறகுதான் ஜெட் பார்க்க வேண்டும். ஓடை தாண்டியபின் கியர் ஆயில் பால் கலந்த டீபோல் இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

சாமானுக்கு நுவரெலியாவை நம்ப முடியாது. பிளக்கும் டூ-ஸ்ட்ரோக்குக்கான டூ-டி ஆயிலும் ஊரிலேயே கிடைக்கும். சீல், ரிங், ஜெட் எல்லாம் கொழும்பின் உதிரிபாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில்தான். போர் அளவு, ஜெட்டின் வகை, பழைய சீல்மேல் உள்ள மூன்று எண்கள் ஆகியவற்றைப் படம் பிடித்து அனுப்பினால் தேடி எடுத்து பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். மாதம் ஒருமுறை போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வரும், அன்று பல கடைகள் மூடியிருக்கும். காலண்டரைப் பார்த்துவிட்டு சிலிண்டரைக் கழற்றுங்கள். வந்த ஜெட்டுகளைக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு, மேலே 210, கீழே 220 என்று எழுதி, சீட்டுக்கு அடியில் பிளக் ஸ்பானரோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.