பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே காதைப் பொத்திக்கிற பையன்

என் டேபிளுக்கு வர்ற ஃபைல்ல பாதிக்கு மேல ஒரே வரிதான் இருக்கும், "நல்ல அறிவு, ஆனா சொன்ன பேச்சு கேக்குறதில்ல". கிளாஸ் டீச்சர் எழுதியிருப்பாங்க, சில சமயம் அப்பா அம்மாவே எழுதிக் கொடுத்திருப்பாங்க. நான் ஸ்கூல்ல ஸ்பெஷல் எஜுகேட்டரா வேலை பாக்குறேன். ஆஸ்பெர்கர்னு ரிப்போர்ட் வாங்கின பிள்ளைங்க, ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்னு ரிப்போர்ட் வாங்கின பிள்ளைங்க, எந்த ரிப்போர்ட்டும் இல்லாம "ஒரு மாதிரி இருக்கான்"னு மட்டும் பேர் வாங்கின பிள்ளைங்க, எல்லாரும் என்கிட்ட வருவாங்க. ஆட்டிசம்னா பேச்சு, பழக்கம், சத்தம், வெளிச்சம் எல்லாத்தையும் மூளை வேற மாதிரி எடுத்துக்கிற பிறவித் தன்மை, ஆஸ்பெர்கர்ங்கிறது அதுல ஒரு வகைக்கு முன்னாடி வச்சிருந்த பேர். இத்தனை வருஷத்துல எனக்கு ஒண்ணு உறுதியா தெரிஞ்சுது, "கேக்குறதில்ல"ன்னு எழுதின இடத்துல பெரும்பாலும் அந்தப் பிள்ளை நம்மள விட ஜாஸ்தியா கேட்டுட்டு இருந்திருக்கு.

அதனால பிள்ளைகிட்ட பேசுறதுக்கு முன்னாடி அது உக்கார்ற பெஞ்சுல போய் கொஞ்ச நேரம் நான் உக்காந்துடுவேன், கிளாஸ் நடக்கிறப்பவே. கண்ணை மூடிட்டு கேட்டுப் பாருங்க. ஃபேன் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை கிறீச்சுங்கும், பின்னாடி யாரோ சேரை இழுப்பாங்க, பக்கத்து கிளாஸ்ல வாய்ப்பாடு ஒப்பிச்சுட்டு இருப்பாங்க, பழைய சோக் போட்ட ட்யூப்லைட் இரையும். அந்த ட்யூப்லைட் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல செகண்டுக்கு 100 தடவை மினுங்குது, நமக்கு அது ஒரே வெளிச்சமாத்தான் தெரியும், ஆனா அந்த மினுக்கல் தனக்குத் தெரியுதுன்னு சொல்ற ஆட்டிசம் உள்ளவங்க இருக்காங்க. இதுக்கு மேல சட்டைக் காலர்ல உறுத்துற லேபிள், பக்கத்துல உக்காந்த பிள்ளையோட சோப்பு வாசனை. நம்ம மூளை இதையெல்லாம் நம்மளக் கேக்காமலே ஓரமா தள்ளிட்டு டீச்சர் குரலை மட்டும் முன்னாடி கொண்டு வந்து வைக்குது. இந்தப் பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு அந்தத் தள்ளி வைக்கிற வேலையை அவங்களே உக்காந்து செய்ய வேண்டியிருக்கு, நாள் முழுக்க, அதோட சேத்து கணக்கும் போடணும்.

ஆச்சரியம் என்னன்னா, இந்தப் புலன் விஷயம் டாக்டர்ங்க பாக்குற டிஎஸ்எம்ங்கிற அமெரிக்க மனநலக் கையேட்டுல ஆட்டிசத்துக்கான அடையாளங்கள்ல ஒண்ணா எழுதப்பட்டது 2013ல வந்த அஞ்சாவது பதிப்புலதான். அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே டெம்பிள் கிராண்டின் மாதிரி ஆட்டிசம் உள்ளவங்க தங்களோட சின்ன வயசைப் பத்தி எழுதிட்டாங்க, ஸ்கூல் பெல் சத்தம் பல் டாக்டரோட ட்ரில் நரம்புல பட்ட மாதிரி வலிக்கும்னு அவங்க சொல்லியிருக்காங்க. வலிக்கும்னு ஒருத்தர் சொன்னா அதை வலின்னு எடுத்துக்கறதுக்கு நமக்கு ஏன் இவ்வளவு நாள் ஆகுதுன்னு இப்பவும் எனக்கு வருத்தமாத்தான் இருக்கு.

ஒரு பையன் இருந்தான், பீரியட் முடியப்போற கடைசி கொஞ்ச நேரம் எதுவுமே எழுத மாட்டான். பென்சிலை கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் காதுகிட்ட கொண்டு போய், கடிகாரத்தையே பாத்துட்டு இருப்பான். எப்படா பெல் அடிக்கும் ஓடலாம்னு இருக்கான், சோம்பேறின்னு டீச்சர் நினைச்சாங்க, வெளியிலேர்ந்து பாத்தா யாருக்குமே அப்படித்தான் தோணும். அவன் பெல்லை எதிர்பாத்துட்டு இருந்தது நிஜம்தான். அந்தச் சத்தம் உடம்புக்குள்ள எங்க போய்ப் படும்னு அவனுக்குத் தெரியும், அதுக்கு தன்னைத் தயார் பண்ணிக்கிட்டு இருந்தான், அந்தத் தயாரிப்புலயே கடைசிக் கேள்விக்கான நேரம் போயிடும். பெல் அவன் கிளாஸ் வாசலுக்கு நேர் மேல இருந்துது. அட்டெண்டன்ஸ் நோட்டை ஆபீஸ்ல கொடுத்துட்டு வர்ற வேலையை அவனுக்குக் கொடுத்து, பெல் அடிக்கிற நேரத்துக்கு அவன் அங்கேர்ந்து தள்ளி இருக்கிற மாதிரி பண்ணோம், அதுவும் எந்த பீரியட்னு முன்னாடியே அவன்கிட்ட சொல்லி. மத்த பீரியட்டுக்கு காதுல மாட்டிக்க ஹெட்ஃபோன். சில வாரத்துல கடைசிக் கேள்விக்கும் பதில் வர ஆரம்பிச்சுது.

சத்தத்தால வர்ற கஷ்டமாவது வெளிய தெரியும், பொத்துற கையைப் பாத்தாவது புரிஞ்சுக்கலாம். உடம்புக்குள்ள இருந்து வர்ற சேதி இருக்கே, பசி, தாகம், பாத்ரூம் போகணும்ங்கிறது, அது சில பிள்ளைங்களுக்கு கடைசி நிமிஷத்துலதான் வந்து சேரும், வர்றப்போ மொத்தமா வரும். "இப்பதான கேட்டேன், வரலன்னு சொன்னியே"ன்னு டீச்சர் கேக்குறதும் நியாயம், அப்போ வரலங்கிறதும் உண்மை. கேக்காம நேரம் வச்சு அனுப்பிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி.

அடுத்து பேச்சு. நாம பேசுறதுல பாதி, வார்த்தைக்கு வெளியில இருக்கு. ஒரு பெரிய கிளாஸ் பையனை என்கிட்ட அனுப்பினாங்க, டீச்சரை மதிக்காம பாதி கிளாஸ்ல எழுந்து போயிட்டான்னு. என்னடா நடந்துதுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். சரி, மிஸ் சொன்னது அப்படியே என்ன, எழுதிக் காட்டுன்னு பேப்பரைக் கொடுத்தேன். எழுதினான், "இஷ்டம் இருந்தா கிளாஸ்ல இரு, இல்லன்னா வெளிய போ". அதுக்குக் கீழ, "எனக்கு இஷ்டம் இல்ல, அதனால போனேன்". அவனுக்கு அது ஒரு சாய்ஸ். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோன்னு பெரியவங்க சொல்றாங்க, அவன் மரியாதையா ஒண்ணை எடுத்துக்கிட்டான். திரும்பி வந்தப்போ எல்லாரும் ஏன் கோவமா இருக்காங்கன்னு அவனுக்கு நிஜமாவே புரியல, அதுல அவன் அழுதிருக்கான், அழுததையும் நடிப்புன்னு சொல்லியிருக்காங்க.

இப்படித்தான் "எத்தனை தடவை சொல்றது உனக்கு"ன்னு கேட்டா எண்ணி பதில் சொல்லுவாங்க, "போர்டுல இருக்கறதை எழுதிக்கிறியா"ன்னா "இல்ல மிஸ்"னு சொல்லுவாங்க, கேள்வி கேட்டாங்க பதில் சொன்னோம் அவ்வளவுதான். இதுல திமிர் கிடையாது. கேட்ட கேள்விக்கு இவ்வளவு நேர்மையா பதில் சொல்ற ஆளை நாம பெரியவங்கள்ல எங்க பாக்குறோம்? டீச்சர்ங்ககிட்ட நான் சொல்றது சின்ன விஷயம், செய்ய வேண்டியதை செய்ய வேண்டியதாவே சொல்லுங்க. "நோட்டை எடு, தேதி போடு, மூணாவது கணக்கை எழுது." குரலை உயர்த்த வேண்டியதில்ல, பேரைச் சொல்லி கூப்பிட்டா போதும், ஏன்னா "எல்லாரும்"ங்கிறதுல தானும் இருக்கோம்னு சில பிள்ளைக்கு உடனே தோணாது.

இந்தப் பிள்ளைங்களோட ஆசைகளைப் பத்தி எழுதணும்னா எனக்கு நாள் பத்தாது. லிஃப்டைத் தவிர வேற எதையும் பேசாத ஒரு பையனை எனக்குத் தெரியும். லிஃப்ட் கூண்டு மேல போறப்போ எதிர்ப்பக்க வெயிட் எப்படி கீழ வருது, வேகம் கூடினா எந்தக் கருவி கண்டுபிடிச்சு பிரேக் போடுது, 1854ல நியூயார்க்ல எலிஷா ஓட்டிஸ் கூட்டத்துக்கு முன்னாடி மேல நின்னுக்கிட்டு கயிறை வெட்டச் சொல்லி, கயிறு அறுந்தாலும் கூண்டை விழாம பிடிக்கிற பிரேக்கை எப்படி நிரூபிச்சாரு, எல்லாம் சொல்லுவான். சொல்றப்போ அவன் குரலே வேற. "இதை நிறுத்துங்க மிஸ், பைத்தியமா ஆயிடுவான்"னு வீட்டுல சொன்னாங்க. லிஃப்ட்ல என்ன பிடிக்கும்னு கேட்டதுக்கு அவன் சொன்னான், மூணை அழுத்தினா மூணுக்குத்தான் போகும்னு. மனுஷங்க அப்படி இல்லையே, நேத்து சிரிச்ச விஷயத்துக்கு இன்னைக்கு கோவப்படுறோம்.

டைனா மர்ரேங்கிற ஆய்வாளரும் கூட இருந்த ரெண்டு பேரும் 2005ல ஒரு விளக்கம் எழுதினாங்க, ஆட்டிசம் உள்ளவங்களோட கவனம் பல பக்கம் பரவாம ஒரே வாய்க்கால்ல முழு வேகத்துல ஓடுதுன்னு. அந்த மூணு பேர்ல வென் லாசன் (அப்போ வெண்டி லாசன்ங்கிற பேர்ல எழுதினவர்) தன்னையே ஆட்டிசம் உள்ளவர்னு வெளிப்படையா சொன்னவர். எனக்கு வேலையில ரொம்ப உதவினது இந்த விளக்கம்தான். படிச்சுட்டு இருக்கிறவனை தோளைத் தொட்டு "வா"ன்னு இழுத்தா அவன் கத்துறது பிடிவாதத்துல இல்ல, அவ்வளவு ஆழத்துலேர்ந்து ஒரே இழுப்புல வெளிய வர முடியல. அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு தடவை, ரெண்டு நிமிஷம் முன்னாடி ஒரு தடவை சொல்லி, அந்தப் பக்கத்தை முடிக்க விட்டா பெரும்பாலும் தானே எழுந்து வந்துடுவாங்க. லிஃப்ட் பையனுக்கு விகிதக் கணக்கும் லிஃப்ட் வச்சுத்தான் சொல்லிக் கொடுத்தோம்.

இருக்கறதுலயே என்னை ரொம்ப கஷ்டப்படுத்துறது "அவளுக்கு உணர்ச்சியே கிடையாது"ன்னு சொல்றதுதான். ஒரு பொண்ணு, அவளோட ஒரே ஃபிரெண்டு விளையாடுறப்போ கல்லு தடுக்கி விழுந்து ரத்தத்தோட அழுதப்போ, இவ பத்தடி தள்ளி காதைப் பொத்திக்கிட்டு முகத்துல எதுவுமே இல்லாம நின்னா. மத்த பிள்ளைங்க எல்லாம் ஓடிப்போய் கட்டிப் பிடிச்சாங்க, இவளைப் பத்தி பெரியவங்க "கல்லு மனசு"ன்னாங்க. மறுநாள் இன்டர்வெல்ல பாத்தா இவ கிரவுண்டுல குனிஞ்சு குனிஞ்சு கல்லு பொறுக்கிட்டு இருக்கா, அந்த ஓட்டப் பாதை முழுக்க. என்னம்மா பண்றன்னு கேட்டேன், "அவ திரும்ப விழக்கூடாது மிஸ்"னா. அழுகைச் சத்தமும் ரத்தமும் ஓடுற கூட்டமும் ஒண்ணா வந்தப்போ அவளால அசையக்கூட முடியல, அது இறங்கினதுக்கு அப்புறம் அவ யோசிச்சு செஞ்சது இது. கட்டிப் பிடிச்ச யாரும் கல்லை எடுக்கல.

1985ல சைமன் பேரன் கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் மூணு பேரும் ரெண்டு பொம்மை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, அதுலேர்ந்து ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்கு அடுத்தவங்க மனசு புரியாதுங்கிற பேச்சு பரவி, பல பேர் வாயில அது "அன்பே இல்ல"ன்னு ஆயிடுச்சு. அது வேற இது வேற. 2012ல டேமியன் மில்டன்ங்கிற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், ஒரு நேர்க்கேள்வி கேட்டாரு, அவங்களுக்கு நம்மளப் புரியலன்னு சொல்றீங்களே, உங்களுக்கு அவங்களப் புரியுதான்னு. அதுக்கப்புறம் 2020ல கேத்தரின் கிராம்ப்டன் குழு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரு கதையை ஒருத்தர் அடுத்தவருக்குச் சொல்லி அவர் அடுத்தவருக்குச் சொல்லின்னு வரிசையா. ஆட்டிசம் உள்ளவங்க மட்டும் இருந்த வரிசையிலயும், இல்லாதவங்க மட்டும் இருந்த வரிசையிலயும் சேதி ஒரே அளவு நல்லா போச்சு, ரெண்டு பேரையும் கலந்து நிக்க வச்சப்போதான் ஜாஸ்தியா தொலைஞ்சுது. இதைப் படிச்சப்போ எனக்கு அந்தக் கல்லு பொறுக்கின பொண்ணுதான் ஞாபகம் வந்தா.

அம்மா அப்பாங்க ரெண்டு ரிப்போர்ட்டை நீட்டி கேப்பாங்க, இதுல ஆஸ்பெர்கர்னு இருக்கு, அதுல ஆட்டிசம்னு இருக்கு, எது சரின்னு. டிஎஸ்எம்ல 1994ல தனியா சேத்த அந்தப் பேரை 2013ல எடுத்து ஸ்பெக்ட்ரம்குள்ள சேத்துட்டாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல், 2022ல நடைமுறைக்கு வந்த ஐசிடி 11லயும் அது தனியா இல்ல, எந்த வருஷம் யார்கிட்ட காட்டுனீங்கங்கிறதுதான் வித்தியாசம்னு சொல்லுவேன். ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவுல 1944ல இந்தப் பிள்ளைங்களைப் பத்தி எழுதினாரு, அதுக்கு ரொம்ப முன்னாடி 1920கள்லயே குருன்யா சுகாரேவாங்கிற டாக்டரம்மா மாஸ்கோவுல ஆறு பசங்களைப் பத்தி எழுதிட்டாங்க, அவங்க பேர் பல பேருக்குத் தெரியாது. 2018ல ஹெர்விக் செக்ங்கிற வரலாற்று ஆய்வாளர் பழைய ஆவணங்களைப் பாத்து, நாஜி ஆட்சியில குழந்தைங்களைக் கொன்னுட்டு இருந்த அம் ஷ்பீகல்கிரண்ட்ங்கிற வியன்னா மருத்துவமனைக்கு ஆஸ்பெர்கரும் பிள்ளைங்களை அனுப்பியிருக்காருன்னு வெளியிட்டாரு. அதனால அந்தப் பேரை வேண்டாம்ங்கிறவங்க இருக்காங்க, வளர்ந்தது முழுக்க அந்தப் பேர்லதான், இது என் அடையாளம்னு வச்சிருக்கவங்களும் இருக்காங்க. ரெண்டு பேர் சொல்றதையும் நான் மதிக்கிறேன்.

வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல நடக்குற சண்டையும் எனக்கு வாடிக்கை. "இங்க நல்லாத்தான் இருக்கான், நீங்கதான் செல்லம் கொடுத்துட்டீங்க"ன்னு டீச்சர், "வாசல்ல ஷூவை கழட்டின உடனே கத்த ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் நிக்கல"ன்னு அம்மா. ரெண்டுமே நிஜம். பகல் முழுக்க கையை ஆட்டாம, காதைப் பொத்தாம, மத்தவங்க சிரிக்கிறப்போ சிரிச்சு, கண்ணைப் பாக்கச் சொன்னா பாத்து, அடக்கி வச்சது எல்லாம் பாதுகாப்பான ஒரு இடம் கிடைச்ச உடனே கொட்டுது. பொண்ணுங்க இந்த அடக்குறதை இன்னும் நல்லா செஞ்சுடுறாங்க, அதனாலயே பல பேருக்கு ரொம்ப லேட்டாத்தான் ரிப்போர்ட் வருது. அந்த நேரத்துல அம்மாகிட்ட நான் சொல்றது, கேள்வி கேக்காதீங்க, லைட்டைக் குறைங்க, தொடணுமா வேண்டாமான்னு அமைதியா இருக்கிற ஒரு நாள்ல கேட்டு வச்சுக்கோங்க. கேட்டது கிடைச்சா நிக்கிற அடம் வேற, இது வேற, இது எதைக் கொடுத்தாலும் நிக்காது, இறங்குறதுக்கு நேரம் வேணும்.

நான் கேள்வி கேக்குற விதமும் இப்ப மாறிடுச்சு. எதிர்ல உக்காந்து கண்ணைப் பாத்து "ஏன்"னு கேட்டா ஒண்ணும் வராது, என் முகத்தைப் பாக்குறதுலயே அவன் சக்தி போயிடும். பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேரும் ஒரே பேப்பரைப் பாத்து, குச்சி மனுஷங்க வரைஞ்சு மேல ஒரு குமிழி போட்டு கொடுப்பேன், இவங்க என்ன சொன்னாங்க, நீ என்ன நினைச்சன்னு. கேரல் கிரேங்கிற டீச்சர் 1994ல சொல்லிக் கொடுத்த முறை இது. வாயைத் திறக்காத பிள்ளைங்க பக்கம் பக்கமா எழுதுவாங்க.

"ஒருத்தனுக்காக கிளாஸையே மாத்தணுமா"ன்னு ஸ்டாஃப் ரூம்ல கேப்பாங்க. அன்னன்னைக்கு எந்த பீரியட், யார் வர்றாங்கன்னு போர்டு ஓரத்துல எழுதி வைக்கிறது ஒரு பையனுக்காக ஆரம்பிச்சதுதான், இப்ப கிளாஸ் முழுக்க காலையில வந்ததும் அதைத்தான் பாக்குது, எழுதலன்னா எங்க மிஸ்னு மத்த பிள்ளைங்களே கேக்குறாங்க. லீவ் போடுற டீச்சர்ங்க ராத்திரியே ஒரு மெசேஜ் போட்டுட்டா நல்லது, காலையில அவன் உள்ள வர்றதுக்குள்ள பேரை மாத்தி எழுதி வச்சுடலாம்.