பின் ஷாக் மாற்றிய நாட்கள்

மார்ச் 2, ஞாயிறு

இன்று பைக்கில் போகவர 300 கிலோமீட்டர். வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த தடவை நீங்க மட்டும் போயிட்டு வாங்க." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்கும் தெரியும். இரண்டு பேர், பின்னால் பெட்டி, சாலையில் ஒரு சின்ன மேடு வந்தாலும் பின்பக்கம் "டக்" என்று அடிக்கிறது. வளைவில் பின்பாகம் தொட்டில் மாதிரி ஆடுகிறது. வண்டியோடு வந்த ஷாக் (குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்), 45,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன், இடது ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் படலம், அதன் மேல் புழுதி ஒட்டி ஒரு கறுப்பு வளையம். சீல் போய்விட்டது. எண்ணெய் கசிந்தால் டேம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்கும் வேலை, போயிற்று, அப்புறம் அது வெறும் ஸ்பிரிங்தான்.

மார்ச் 8, சனி

புதுசு வாங்குவதற்கு முன் பழையது எவ்வளவு மோசம் என்று எண்ணில் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. முதலில் குளிர்ந்த டயரில் காற்று பார்த்தேன். இதை விட்டுவிட்டு சஸ்பென்ஷனைத் திட்டுகிறவர்கள் பாதிப் பேர், நானும் அதில் ஒருவன்.

அப்புறம் அளவு. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே வால் பேனலில் ஒட்டிய டேப் வரை 600 மில்லிமீட்டர். ஸ்டாண்டை எடுத்துத் தரையில் நிறுத்தினால் 578. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு நான் ஏறி உட்கார்ந்ததும் 552. அதாவது வண்டி தன் எடையில் 22 இறங்குகிறது, என்னோடு சேர்த்து 48. இதற்கு ஆங்கிலத்தில் ஸேக் என்று பெயர். ஷாக், ஸேக் என்று எழுதிக்கொண்டே போனால் எனக்கே குழம்பும், இனி இறக்கம் என்றே எழுதுகிறேன்.

என் வண்டியின் பின் சக்கரம் மொத்தம் 100 மி.மீ. மேலும் கீழும் போகும். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்கினால் நல்லது என்பது பொதுக் கணக்கு. நான் மட்டும் ஏறியதற்கே ஏறக்குறைய பாதி காலி. மச்சான் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீயும் கொஞ்சம் ஏறி உட்காரேன்" என்றான். 525. பெட்டி வைக்காமலே 75 போயிற்று, மிச்சம் 25. அந்த 25-ஐ வைத்துக்கொண்டுதான் அவள் முதுகு 300 கிலோமீட்டர் போய்வந்திருக்கிறது.

மார்ச் 15, சனி

புது ஷாக் வந்தாயிற்று. கண்ணுக்குக் கண் (மேல் போல்ட் ஓட்டையிலிருந்து கீழ் ஓட்டை வரை) 330 மி.மீ., பழையதும் அதே. நீளத்தை மாற்ற நான் விரும்பவில்லை. பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வும் டிரெயிலும் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறைந்து ஹேண்டில் படபடப்பாகும், சைடு ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்து நிற்கும், இன்னும் நாலு தலைவலி. ஸ்பிரிங் ஒவ்வொன்றும் 18 நியூட்டன்/மி.மீ., அதாவது ஒரு மி.மீ. அமுக்க 18 நியூட்டன் விசை. ஆர்டர் கொடுக்கும்போதே என் எடை, அவள் எடை, சாமான் எடை எல்லாம் சொல்லித்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். அவள் எடையை ரெண்டு கிலோ குறைத்துச் சொன்னேன், அவளுக்கு நேரே கேட்டதால்.

மாட்டும் வேலை ஒரு மணி நேரம் என்று நினைத்தேன், நாலு மணி நேரம் ஆயிற்று. இடது கீழ் போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு வலதுபக்கத்துக்குப் போனேன். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கழற்ற வேண்டும், மறுபக்க ஷாக் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பிடித்துக்கொண்டிருக்கும், போல்ட் ஓட்டைகள் விலகாது. இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் சக்கரம் தொப்பென்று விழும். சக்கரத்தின் கீழே ஒரு மரக்கட்டையும் வைத்தேன், பயம்தான்.

வலது ஷாக்கை மாட்டிப் பார்த்தால் அதன் வாயு உருளை பக்கப்பெட்டி கம்பியை உரசுகிறது. ஒரு விரல் நுழைய வேண்டிய இடத்தில் காகிதம் நுழையவில்லை. கம்பியை வளைக்கலாமா, ராவலாமா என்று யோசித்துக்கொண்டே அரை மணி நேரம் போனது. மச்சான் வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது இடதுபக்கத்துது இல்ல?" என்றான். ஆமாம். உருளை பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், நான் முன்பக்கம் பார்க்க மாட்டியிருக்கிறேன். மாற்றிப் போட்டதும் தாராளமாக இடம். அவனிடம் நன்றி சொல்லவில்லை, ஸ்பேனரை எடுத்துக் கொடு என்று மட்டும் சொன்னேன்.

போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, வண்டியைத் தரையில் இறக்கி நிறுத்திய பிறகுதான் டார்க் ரெஞ்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கு முடுக்கினேன். சக்கரம் தொங்கும்போதே முடுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் அந்த நிலையில் பிடித்துக்கொண்டு, வண்டி இறங்கும்போதெல்லாம் முறுக்கிக்கொள்ளும். செயின் தொய்வையும் பார்த்தேன். பின்பக்கம் நிற்கும் உயரம் மாறினால் அதுவும் மாறும்.

கடைசியில் ஒரு காரியம் செய்தேன். "இருவர் போகிற வண்டி, இறுக்கமாகவே இருக்கட்டும்" என்று ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோட் வளையத்தை இரண்டு பக்கமும் 5 சுற்று ஏற்றினேன். அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகையும் இறுக்கினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

மார்ச் 16, ஞாயிறு

பழைய ஷாக்கே தேவலாம். கடப்பாரை மேல் உட்கார்ந்து போன மாதிரி இருந்தது. 40 கிலோமீட்டரில் திரும்பிவிட்டேன்.

மனைவி வாசலில் நின்று, "எப்படி இருக்கு?" என்றாள். "செட் ஆகணும்" என்றேன்.

மார்ச் 22, சனி

ஒரு வாரம் படித்ததில் என் தப்பு புரிந்தது. பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆகாது. சீரான சுருள் கொண்ட ஸ்பிரிங் 18 என்றால் எவ்வளவு திருகினாலும் 18 தான். திருகினால் வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். அப்படியானால் ஏன் கடப்பாரை மாதிரி இருந்தது? அளந்து பார்த்தேன்: தன் எடையில் 598, என்னோடு 582. வெறும் வண்டி 2 மி.மீ. தான் இறங்கி நிற்கிறது. சாலையில் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே நீண்டு அதைத் தொட வேண்டும், நீள இடமே கொஞ்சம்தான், அதனால் வண்டியே பள்ளத்தில் விழுகிறது. மேல் நோக்கி அடிப்பதற்கு மட்டும்தான் சஸ்பென்ஷன் என்று நினைத்திருந்தேன். பாதி வேலை கீழ்நோக்கி.

வளையத்தைத் திருப்பும் சி ஸ்பேனரை எடுத்து 5 சுற்றையும் இறக்கினேன். முன்னதாக மரையைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டேன், மணலோடு திருப்பினால் அலுமினிய மரை தேய்ந்துவிடும். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. ஆனால் சாய்ந்து நிற்கும் ஷாக் என்பதால் ஷாக்கில் 1 நகர்ந்தால் சக்கரத்தில் கொஞ்சம் கூடுதலாக நகர்கிறது. ஷாக் தண்டில் அளந்து ஏமாறாமல் சக்கரத்தில் அளக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது தன் எடையில் 587. நான் ஏறியதும் இன்னொரு கூத்து. ஒரு தடவை 573, அடுத்த தடவை 567. டேப் பிடித்த மச்சானைச் சந்தேகப்பட்டேன், பாவம். சீலின் உராய்வு வண்டியை ஓரிடத்தில் பிடித்து வைக்கிறது. வண்டியைத் தூக்கி மெல்ல விட்டால் மேலே நிற்கும், அழுத்தி மெல்ல விட்டால் கீழே நிற்கும். இரண்டுக்கும் நடு எடுக்க வேண்டும்: 570. இறக்கம் சரியாக 30.

பின்பக்கம் முன்னைவிட 18 மி.மீ. உயரமாக நிற்பதால் ஹெட்லைட் வெளிச்சம் சக்கரத்துக்கு முன்னாலேயே விழுந்தது. அதையும் ஏற்றிவைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

இறக்கம் சரி, ஆனாலும் ஏதோ சரியில்லை. தனியான ஒரு மேட்டை அழகாகத் தாண்டுகிறது. அடுத்தடுத்து அலை அலையாக வரும் சாலையில் முதல் இரண்டு அலை நன்றாக, மூன்றாவது முதல் கட்டை. ஷாக் தண்டில் ஓரிங் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று அது காட்டிக்கொடுக்கும். அந்தச் சாலை முடிந்ததும் பார்த்தால் ஓரிங் கிட்டத்தட்ட அடியில். "ஸ்பிரிங் போதவில்லை" என்று முடிவுகட்டி, ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷன் திருகை இறுக்கினேன். இன்னும் மோசம்.

வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்து யோசித்தபோதுதான் ரீபவுண்ட் நினைவுக்கு வந்தது. மாட்டிய அன்று இறுக்கி 6 கிளிக்கில் (எண் குறைந்தால் இறுக்கம்) வைத்திருந்தேன், வரும்போது 12-ல் இருந்தது. ரீபவுண்ட் இறுகினால் அமுங்கிய ஷாக் மெதுவாகத்தான் மேலே வரும். முழுதாக வருவதற்குள் அடுத்த அலை, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் கீழே, அடுத்தது இன்னும் கீழே. நாலு அலையில் ஷாக் அடியில் குந்திக்கொள்கிறது, அங்கே எது பட்டாலும் கட்டைதான். மெதுவாக வருவதைத்தான் நான் கடினம் என்று புரிந்துகொண்டிருந்தேன்.

கம்ப்ரஷனைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு ரீபவுண்டை மட்டும் திறந்தேன். ஒரு நேரத்தில் ஒரு திருகுதான், ஒரே சாலையில்தான், எண்ணெய் சூடாகும் அளவு ஓட்டிய பிறகுதான். 10-ல் நல்ல மாற்றம். 13-ல் அலை அலையாகவே தெரியவில்லை, வண்டி சாலையை வருடிக்கொண்டு போனது. ஆசையில் 17 போனேன், நீண்ட வளைவில் பின்பாகம் மறுபடி தொட்டில். திரும்ப 13.

எண்ணுவது எப்போதும் முழுதாக மூடிய நிலையிலிருந்து. மூடும்போது நின்றுவிட்டால் அங்கேயே விட வேண்டும், இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி அதன் இருக்கையில் நசுங்கும்.

மார்ச் 30, ஞாயிறு

இடது வளைவு ஒரு மாதிரி, வலது வளைவு வேறு மாதிரி. டயரா, பேரிங்கா என்று பயந்தேன். இரண்டு பக்கமும் மூடி எண்ணினேன்: இடது 13, வலது 11. வலதுபக்கத் திருகைப் பெட்டிக் கம்பிக்குப் பின்னால் கையை விட்டுத் தலைகீழாகத் திருப்புகிறேன், இரண்டு கிளிக்கைக் காதில் வாங்காமல் விட்டிருக்கிறேன். வளையங்களை வெர்னியரால் அளந்தேன், அதிலாவது வித்தியாசம் இல்லை.

ஏப்ரல் 12, சனி

இன்று அவளையும் பெட்டியையும் ஏற்றி அளந்தோம். தனியாள் செட்டிங்கிலேயே 548, இறக்கம் 52. ஆறு சுற்று ஏற்றியதும் 562, இறக்கம் 38. இதற்கு மேல் ஏற்ற மனம் வரவில்லை, நிறை சுமையில் இது போதும். ஸ்பிரிங்கை முன்னைவிட அதிகம் அமுக்கி வைத்திருப்பதால் அது எழும்பி உதைக்கும் விசையும் கூடுதல், ரீபவுண்டை 13-லிருந்து 10-க்கு இறுக்கினேன். சீட்டை அழுத்தி விட்டால் ஒரே தடவையில் எழும்பி நிற்கிறது, ஆடவில்லை.

"இவ்வளவு நேரம் பொம்மை மாதிரி உக்காரச் சொல்றீங்களே, ஓட்டித்தான் பாருங்களேன்" என்றாள். அவள் கேட்டு ஏறியது மார்ச் 2-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 20, ஞாயிறு

420 கிலோமீட்டர். நடுவில் பின்னாலிருந்து பேச்சே இல்லை. கோபமோ என்று கண்ணாடியில் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை, நிறுத்தி முகம் கழுவவைத்துக் கிளம்பினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வேலைக்குத் தனியாகப் போகும்போது ஒவ்வொரு வேகத்தடை தாண்டியதும் பின்னால் "கிளங்". போல்ட் கழன்றுவிட்டதோ என்று இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். மாலை வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: அந்த ஆறு சுற்றை இறக்கவே இல்லை. சக்கரம் கீழே நீண்டு ஷாக் முழுதாக விரிந்து எல்லையில் முட்டும் சத்தம் அது. இரண்டு செட்டிங்கையும் ஒரு அட்டையில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டினேன். தனியாக: 0 சுற்று, 13. இருவர், பெட்டி: 6 சுற்று, 10.

மே 4, ஞாயிறு

மாட்டி 1,100 கிலோமீட்டர் ஆயிற்று, மறுபடி அளந்தேன். தூக்கி விட்டதற்கும் அழுத்தி விட்டதற்கும் நடுவே முன்பு 6 மி.மீ. வித்தியாசம், இன்று 3 தான். சீல் பழகிவிட்டது. ஆனால் நடு அளவு 568-க்கு வந்துவிட்டது, 2 மி.மீ. தொய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரு சுற்று ஏற்றினேன், 570. அட்டையில் இருந்த 0, 6 இரண்டையும் அடித்துவிட்டு 1, 7 என்று எழுதினேன்.