குமுளியில் கல்யாணம்: வருகிறவர்களுக்காக எழுதும் நாட்குறிப்பு

செப்டம்பர் 14

அக்கா மகளுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று. டிசம்பர் 5, காலை 9 முதல் 10.30க்குள். பெண் வீடு சென்னை, மாப்பிள்ளை வீடு கோவை. இரண்டு ஊரும் வேண்டாம், குமுளியை ஒட்டிய தேக்கடியில்தான் தாலி கட்டுவது என்று பிள்ளைகள் பேசி வைத்துவிட்டார்கள். எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நான் குமுளியில்தான் இருக்கிறேன். மொத்தச் சொந்தமும் என் ஊர் தேடி வரப்போகிறது.

ஆனால் கார்த்திகை என்றதும் எனக்கு முதல் நினைப்பு சபரிமலைதான். கார்த்திகை பிறந்தால் மண்டல காலம். தமிழ்நாட்டிலிருந்து போகிற ஐயப்ப பக்தர்களில் பெருங்கூட்டம் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகத்தான் மலை ஏறும். லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, பார்க்கிங் எல்லாம் அவர்கள் கணக்கில் போய்விடும். தை மாதம், மகரவிளக்கு முடிந்து நடை சாத்திய பிறகு வைத்திருந்தால் இந்த நெருக்கடி கிடையாது. ஜோசியர் கொடுத்த நாள் இது, மாற்ற முடியாது என்று அத்தான் சொல்லிவிட்டார். சரி, அப்படியானால் இன்றைக்கே ரூம் பேச ஆரம்பிக்க வேண்டியதுதான். அக்காவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: மலை ஏறி வாருங்கள் என்று நாம் கூப்பிடுகிறோம், அவர்கள் படுக்கிற இடமும் வருகிற வழியும் நம் பொறுப்பு.

செப்டம்பர் 21

கல்யாணம் நடக்கும் ரிசார்ட்டில் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நெருங்கியவர்களுக்கு மட்டும்தான் அறை. மற்றவர்களுக்குச் சுற்றுவட்டத்தில் ஹோம்ஸ்டே. தங்கச்சி மகனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். போட்டோவைப் பார்த்து ரூம் போடாதீர்கள் என்று சொல்வேன். இங்கே வீடுகள் சரிவில் கட்டியவை. "கிரவுண்ட் ஃப்ளோர்தான்" என்பார்கள், கேட்டிலிருந்து வாசலுக்குப் பதினெட்டுப் படி இறங்க வேண்டும். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. அவரைப் போன்றவர்களுக்குத் தெருமட்டத்திலேயே இருக்கிற ஒரு வீட்டைப் பேசி வைத்தேன். அறை கொஞ்சம் சின்னது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பரவாயில்லை, படி கிடையாது.

அடுத்தது வெந்நீர். இதை யாரும் கேட்பதில்லை, முகூர்த்தத்தன்று காலையில்தான் தெரியும். சோலார் ஹீட்டர் வைத்திருக்கும் வீட்டில் முந்தின நாள் மேகமாக இருந்தால் விடிகாலையில் தண்ணீர் வெதுவெதுப்புக்கூட இருக்காது. கீசர் என்றால் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். 15 லிட்டர் கீசரில் ஒருவர் தலைக்குக் குளித்து முடித்தால் அடுத்தவர் இருபது நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். ஒரே அறையில் நான்கு பெண்கள், ஆறு மணிக்குள் தலை காய்ந்து பூ வைத்திருக்க வேண்டும் என்றால் முதல் ஆள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் அந்த அம்மாவே, "விறகடுப்பில் அண்டா வைத்துத் தருகிறேன்" என்று சொன்னார். அந்த வீட்டை அங்கேயே உறுதி செய்துவிட்டேன்.

செப்டம்பர் 24

ஒரு லாட்ஜில் வாயால் பேசியதைவிட இன்றைக்கு வாடகையைக் கூட்டிச் சொல்கிறார்கள். சீசன் என்கிறார்கள். அங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். யாராக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கும்போது தேதி, அறை எண்ணிக்கை, எக்ஸ்ட்ரா பெட், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 12

பத்திரிகை போகத் தொடங்கியதும் போன் ஓயவில்லை. எல்லோரும் கேட்பது வழி. ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து ரயில் என்றால் சென்ட்ரலில் இரவு கிளம்பும் போடிநாயக்கனூர் ரயில் இருக்கிறது. 2023இல்தான் வந்தது. வாரம் மூன்று நாள்தான் என்பதால் கிழமை பார்த்துப் போடுங்கள். அதில் கடைசி நிறுத்தம் வரை போகாதீர்கள், தேனியில் இறங்குங்கள். போடி மூணாறுக்குப் போகிற பாதை. நமக்குத் தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி. சுமார் 60 கிலோமீட்டர். மற்ற நாட்களில் மதுரை வரை ரயில், அப்புறம் பஸ். கம்பம், குமுளி வரை நேராக இரவு பஸ்ஸும் உண்டு.

கோவைக்காரர்கள் உடுமலை, பழனி, செம்பட்டி, வத்தலகுண்டு, தேனி என்று வரலாம். விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரைதான் தோது. கொச்சியிலிருந்தும் வரலாம், ஆனால் மலைப்பாதை நீளம், வயதானவர்களுக்கு அலுப்பு.

தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு இந்தப்புறமே நிறுத்திவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே நம் ஆள் ஆட்டோவுடன் நிற்பான்.

இ-பாஸ் வேண்டுமா என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். அது 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. குமுளிக்கு வேண்டாம். ஆனால் வழியில் கொடைக்கானலையும் பார்த்துவிட்டு வருகிறோம் என்பவர்கள் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அக்டோபர் 19

வேன் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. சொந்தக் கார் என்றால் பிரச்சினை இல்லை. டெம்போ டிராவலர், வேன், டாக்ஸி என்றால் கேரளாவுக்குள் வர பர்மிட்டும் வரியும் சரியாக இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே வண்டிக்காரரிடம் கேளுங்கள். செக்போஸ்ட்டில் வண்டி நின்றுவிட்டால் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக ரோட்டில் நிற்க வேண்டியிருக்கும். தெரிந்தவர் சொந்தக் காரை வாடகைக்குப் பேசிக்கொண்டு வருவது வேண்டவே வேண்டாம், பிடித்தால் அபராதம்.

ஓட்டுநருக்கும் படுக்க இடம் கேளுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ராத்திரி முழுக்க ஓட்டிவந்த மனிதரை வண்டியிலேயே தூங்கச் சொல்லிவிட்டு, மறுநாள் அவர் கையிலேயே குழந்தை குட்டிகளோடு மலையிறக்கத்தை ஒப்படைக்கிறோம். டிசம்பர் குளிரில் வண்டிக்குள் எப்படித் தூக்கம் வரும்? ஓட்டுநர்களுக்கென்று இரண்டு பெரிய அறை தனியாகப் போட்டிருக்கிறேன். பாய், கம்பளி, கழிப்பறை எல்லாம் உண்டு. பந்தியிலும் அவர்களுக்கு முதலிலேயே இலை போடச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 2

மலேசியாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் தங்கினால், விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சின்ன ஹோம்ஸ்டேக்காரர்கள் சிலர் அதற்குத் தயங்குவார்கள். அதனால் வெளிநாட்டுப் பயணிகள் வழக்கமாகத் தங்கும் ஓட்டலிலேயே அவர்களுக்குப் போட்டாயிற்று. பாஸ்போர்ட், விசா நகல் கையில் இருக்கட்டும். மற்ற எல்லோரும் ஆளுக்கொரு அடையாள அட்டை. குடும்பத் தலைவருடையது மட்டும் போதாது.

நவம்பர் 20

சீசன் தொடங்கிவிட்டது. இன்று காலையிலேயே கறுப்பு வேட்டியும் சரண கோஷமுமாக ஊர் நிறைந்துவிட்டது. ஏலக்காய்க் கடைகளில் நிற்க இடமில்லை.

கூட்டம் கூடினால் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். சபரிமலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்பி வருகிறவற்றைக் குமுளி வழியாக இறக்குவார்கள். நம் வண்டியையும் அப்படித் திருப்பிவிட்டால் பதற வேண்டாம். கம்பம்மெட்டு ஏறி, புற்றடி, அணக்கரை வழியாகக் குமுளிக்கு வந்துவிடலாம். கூடுதலாக ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து ஆள் ஏற்றிவரும் ஜீப்புகள் காலையில் அந்தப் பாதையில் பறக்கும். அந்த நேரத்தில் அவற்றுக்கு வழி விட்டுவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை ஒன்றை வண்டியின் முன்பக்கமே வைத்திருங்கள், காவலர் கேட்டால் காட்டலாம்.

இதனால்தான் எல்லோரிடமும் ஒரே பாட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: முகூர்த்தத்தன்று விடிகாலையில் மலை ஏறாதீர்கள். கம்பத்திலோ தேனியிலோ தங்கிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதுமே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அங்கே ரூம் சுலபமாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி சுமார் ஆறு கிலோமீட்டர்தான் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆறு கிலோமீட்டரும் கொண்டை ஊசி வளைவு. பனி இறங்கினால் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். மழையில் கல் உருண்டு கிடக்கும். ஒரு லாரி வளைவில் நின்றால் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. 4ஆம் தேதி மதியத்துக்குள், வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடுங்கள். முகூர்த்தத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறோம் என்பவர்களுக்கும் ஒரு படுக்கை இங்கே இருக்கிறது.

பகலில் ஏறினால் இன்னொரு லாபம். முல்லைப் பெரியாறு தண்ணீர் மலையிலிருந்து பெரிய பெரிய குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குவதைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீர்தான் வைகைக்குப் போகிறது. 1895இல் முடிந்த அணை. கட்டிய பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சம்சாரி வீடுகளில் அவர் படம் சாமி படத்தோடு மாட்டியிருக்கும். பத்து நிமிஷம் இறங்கிப் பார்த்துவிட்டு, கால் நீட்டிவிட்டு, அப்புறம் மலை ஏறுங்கள். வாந்தி வருகிறவர்கள் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன் சீட்டில் உட்காரட்டும். செல்போனைப் பார்க்க வேண்டாம்.

நவம்பர் 27

மூன்று நாளாகச் சாயங்காலம் மழை. காலை வெளுத்திருக்கிறது. திறந்த புல்வெளியில் மணமேடை என்பதில் அக்கா மகள் பிடிவாதமாக இருந்தாள். மேடைக்கும் பந்திக்கும் கூரை இல்லாமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். "சரி சித்தி" என்றாள். ஓடு வேய்ந்த கூடத்தில் தாலி, வெயில் இருந்தால் புல்வெளியில் போட்டோ.

இன்னொரு சிக்கல், அறையைக் காலி செய்யும் நேரம். பதினோரு மணி என்கிறார்கள். முகூர்த்தம் முடிவது பத்தரை, பந்தி பன்னிரண்டு. தாலி கட்டுகிற நேரத்தில் பாதிப் பேர் பெட்டி கட்ட ஓடினால் அது கல்யாணமா? மாலை வரை கேட்டால் அரை நாள் வாடகை. அதனால் ரிசார்ட்டிலேயே பூட்டுகிற அறை ஒன்றைச் சாமான்களுக்கென்று எடுத்தாயிற்று. காலை எட்டு மணிக்கு முன் பெட்டிகளில் பேர் எழுதி ஒட்டி அங்கே கொடுத்துவிடுங்கள். தங்கச்சி மகன் அங்கேயே இருப்பான். நகைப்பெட்டி மட்டும் யாரிடமும் கொடுக்காமல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கையில் கொண்டுவர: சால்வை, ஸ்வெட்டர், குடை, டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. பாட்டில், கப் என்று ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் வேண்டாம், கேரளாவில் 2020இலிருந்தே தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள், வெந்நீர் ஊற்றித் தருகிறோம்.

டிசம்பர் 3

தேக்கடி ஏரிப் படகு சவாரி பற்றிக் கேட்காதவர் இல்லை. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுப்பது நல்லது. நம் வண்டியைப் படகுத்துறை வரை விடமாட்டார்கள். ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் போக வேண்டும். காலை முதல் படகுதான் நல்லது. ஆனால் யானை நிச்சயம் என்று குழந்தைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். மழை பெய்து காட்டுக்குள்ளேயே தண்ணீர் இருக்கும்போது அவை ஏரிக்கு இறங்கி வர வேண்டிய தேவை இல்லை. கோடையில் வந்தால் பார்க்கலாம். கல்யாணத்தன்றே படகுக்கு ஓடாதீர்கள், 6ஆம் தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 4

மதியம் மூன்று மணிக்குள் பெரும்பாலானவர்கள் ஏறிவிட்டார்கள். கோவை வேன் ஒன்றைக் கம்பம்மெட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அணக்கரை சுற்றி ஐந்தரைக்கு வந்து சேர்ந்தது. பெரியம்மா படியில்லாத வீட்டைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்டாவுக்கு விறகு வெட்டி வைத்தாயிற்று.

டிசம்பர் 6

தாலி கட்டும்போது நல்ல வெயில். மத்தியானத்துக்குப் பிறகுதான் மழை. நேற்று மூன்று மணிக்குள்ளேயே கிளம்பியவர்கள் அத்தனை பேரும் வெளிச்சத்தில் இறங்கிவிட்டோம் என்று போன் செய்துவிட்டார்கள். இன்று காலைப் படகில் போனவர்கள் காட்டெருமைக் கூட்டத்தைப் பார்த்தார்களாம்.

அறைகளில் விட்டுப்போனவை என்னிடம் இருக்கின்றன: இரண்டு செல்போன் சார்ஜர், ஒரு மூக்குக்கண்ணாடி, குழந்தையின் ஒற்றைக் கொலுசு, கரும்பச்சைச் சால்வை, பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று. மாத்திரைக்காரர் முதலில் பேசுங்கள். திங்கட்கிழமை மதுரை வரை போகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.