முயலுக்குத் தெரியாத பிசின்

என் முதல் நாடகத்தில் ஓர் அரசன் மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவான். எதுகை, மோனை, அடுக்குமொழி எல்லாம் உண்டு. எழுதி முடித்த இரவு எனக்கே என் மேல் மரியாதை கூடிப்போனது. வருஷப்பிறப்பு விழாவில் அதைப் பேசிய பையனுக்குப் பத்து வயது. பாதியில் நின்றான், விழித்தான், திரைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து "ஃபினி!" என்று கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டான். கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவுப் பேச்சுமொழியில், 'முடிந்தது' என்று அர்த்தம். அன்றைக்கு விழுந்த கைதட்டல்களில் பெரியது அதற்குத்தான்.

மொரீஷியஸில் தமிழ் மிஸ்ஸாக வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே தமிழ்க் குடும்பங்களிலும் பெரும்பாலும் வீட்டு மொழி கிரியோல்தான். கோயிலில் தேவாரம், காவடிக்கு அரோகரா, கல்யாணப் பந்தியில் வாழையிலை, ஏழு கறி. பேச்சு மட்டும் கிரியோல். தொடக்கப் பள்ளியில் மொழிப் பாடவேளை வந்ததும் இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, மாண்டரின் என்று வகுப்பு பிரியும். என் எட்டுப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அறை கிடைக்காத வருஷங்களில் தாழ்வாரத்தில்தான் பாடம். (அந்தக் கோபத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் தயாரித்த பாடநூலை நடத்தியபின் மிஞ்சும் பத்து நிமிடத்துக்குக் கதை வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் சிறுவர் கதைகளில் வரிக்கு இரண்டு சொல் பிள்ளைகளுக்குப் புரியாது. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

மோசமாகத்தான் எழுதினேன். அப்போது எனக்கிருந்த ஒரே தந்திரம், எதையாவது ஒளித்து வைத்துக் கடைசி வரியில் எடுத்துக் காட்டுவது. அண்ணன் சேர்த்து வைத்த இருநூறு ரூபாய் நோட்டைத் தம்பி எடுத்துவிடுகிறான். எங்கே வைத்தான் என்பது முடிவில்தான் தெரியும். அந்த முடிவுக்கு நான் வந்து சேரும்போது எட்டுப் பேரில் ஆறு பேர் ஜன்னலுக்கு வெளியே இருப்பார்கள்.

எந்தக் கதையை நான் அசையாமல் கேட்டேன் என்று அப்போதுதான் யோசித்தேன். 1975 பிப்ரவரி, ஜெர்வேஸ் புயல். ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. கூரைத் தகடு ஒவ்வொரு காற்றுக்கும் எழும்பி எழும்பி விழுகிறது. மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி நாங்கள் ஏழு பிள்ளைகள். ஆயா, எங்கள் பாட்டி, கிரியோலில் முயல், ஆமை கதை சொன்னாள். அரசனுடைய குளத்தை முயல் தினமும் கலக்கிவிட்டு ஓடுகிறது. ஆமை தன் முதுகில் பிசினைப் பூசிக்கொண்டு கரையில் கல் மாதிரி கிடக்கிறது. 1888-ல் ஷார்ல் பேஸாக் பாரிஸில் அச்சிட்ட மொரீஷியஸ் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் இந்த முயலும் ஆமையும் குளமும் உண்டு. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கு அவள் ஆயா சொன்னது.

அந்தக் கதையை நினைவிலிருந்து ஒரு நோட்டில் தமிழில் எழுதினேன். நான் எங்கே மூச்சைப் பிடித்தேனோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தன: முயல் குளக்கரைக்கு வந்து, கல்லைப் பார்த்து, உட்காரலாமா என்று யோசிக்கும் இடம். முதுகில் பிசின் இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும், முயலுக்குத்தான் தெரியாது. ஆயா அந்த ரகசியத்தை முதலிலேயே எங்கள் கையில் கொடுத்துவிட்டாள். அப்புறம் அவசரமே படவில்லை. முதலில் ஒரு கால் ஒட்டும். அதை இழுக்க இன்னொரு கால், அதுவும் ஒட்டும். நாலு காலுக்கும் நாலு தடவை நிறுத்துவாள்.

மறுநாள் என் திருட்டுக் கதையைப் பிரித்தேன். ரூபாய் நோட்டைத் தம்பி தாத்தாவின் குடைக்குள் சுருட்டி வைக்கிறான் என்று இரண்டாவது வரியிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் மழை வந்தது. தாத்தா செருப்பைத் தேடுகிறார், கண்ணாடியைத் தேடுகிறார், குடையை எடுக்கிறார். "மிஸ், நோ, நோ!" என்று வகுப்பு கத்தியது. பக்கத்து அறையிலிருந்து ஒரு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிடித்த கதைகளை இப்படி நோட்டில் இறக்கிப் புள்ளி வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எல்லாமே பலன் தந்தது என்று சொல்லமாட்டேன். சில கதைகள் பிரித்தால் கையில் ஒன்றுமே நிற்பதில்லை. சொல் விஷயத்தில் மட்டும் எனக்கு மறுபடி ஆயாதான். கதைக்கு முன்னால் அவள் "சிராந்தான்?" என்பாள். நாங்கள் "சாம்பெக்!" என்று கத்த வேண்டும். குரல் சத்தமாக வரவில்லை என்றால் மறுபடி கேட்பாள். பிறகு விடுகதை. "திலோ திபூத்?" நிற்கும் தண்ணீர் எது? கரும்பு. "திலோ பாந்தான்?" தொங்கும் தண்ணீர்? தேங்காய். நம் "ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்குள் வரமாட்டான்" செருப்புக்குப் பக்கத்து வீடுதான் இது. பாருங்கள், 'அழகிய', 'இனிய' என்று ஒரு ஒட்டுச்சொல் இல்லை. தண்ணீருக்கு வழக்கமில்லாத ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஐந்நூறு தமிழ்ச் சொல் தெரிந்த பிள்ளைக்கும் இது முடியும். மெத்ரோ ரயில் ஓடத் தொடங்கிய புதிதில் ரோஸ்ஹில் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "நிற்கும் பாம்பு, கதவு திறக்கும். என்ன மிஸ்?" நான் இருபது வருஷம் எழுதியதில் இந்த அளவுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அரசனின் மூன்று நிமிட வசனத்தை அந்த வாரம்தான் கிழித்துப் போட்டேன்.

கதையில் நாம் கைவிட்ட இழையைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை கரும்புத் தோட்டத்தில் வழி தவறிய அக்கா, தம்பி கதையை வாசித்தேன். இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள், அம்மா அணைத்துக்கொண்டாள். எனக்கே தொண்டை அடைத்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மிஸ், லிசியேன் லா கோட் லின் அலே?" நாய் எங்கே போச்சு? முதல் பத்தியில் அவர்களோடு ஒரு நாய் கிளம்பியது எனக்கு மறந்தே போயிருந்தது.

அன்றிரவு உட்கார்ந்து மாற்றினேன். இப்போது நாய்தான் முதலில் வீட்டுக்கு வருகிறது, தனியாக, வாயில் தம்பியின் ஒரு செருப்போடு. அம்மா அந்தச் செருப்பைப் பார்க்கிறாள். மறுநாள் வாசித்தபோது யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் அதே பையன் கையைத் தூக்கினான்.

"மிஸ், நாய்க்குப் பேர் என்ன?"

நான் வைத்திருக்கவில்லை.