ஊட்டிக் குளிரில் இசிஜி: வைரஸ் காய்ச்சலில் துடிப்பு தப்பும்போது

டிசம்பர் ராத்திரியில் ஊட்டி வார்டில் காய்ச்சல்காரருக்கு மானிட்டர் கத்தினால், முதல் வேலை கம்பளி தேடுவதுதான். குளிர் நடுக்கத்தில் தசை அதிர்வது இசிஜி கோட்டில் ரம்பப் பல் மாதிரி விழும். அதைப் பார்த்து ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ (இதய மேலறை தாறுமாறாகத் துடிப்பது) என்று மெஷினே அச்சடித்துத் தந்துவிடும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். பல்ஸ் சீராக இருந்தால் நன்றாகப் போர்த்திவிட்டு, கை எலக்ட்ரோடுகளைத் தோள் பக்கம் ஏற்றி ஒட்டி இன்னொரு முறை எடுங்கள். பல சமயம் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பும் சில்லிட்ட விரலில் பொய் சொல்லும். விரலைச் சூடாக்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் திடமாக இருப்பவருக்கே 93, 94 காட்டுவதுண்டு. 90-க்குக் கீழே இறங்கினால்தான் கவலை, அந்தக் குறைவே துடிப்பைத் தப்ப வைக்கும்.

பல்ஸ் நிஜமாகவே தாறுமாறாக இருந்தால், 10 விநாடி இசிஜி தாளில் கூர்முனைகளை எண்ணி 6-ஆல் பெருக்குங்கள், துடிப்பு வேகம் கிடைக்கும். பிபி விழுந்தாலோ, ஆள் குழம்பினாலோ, நெஞ்சு வலித்தாலோ மருந்து கொடுத்துப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது, ஷாக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படி இல்லையென்றால் தூண்டிவிடும் காரணங்களைச் சரி செய்யத் தொடங்கலாம்: காய்ச்சல், ஆக்சிஜன், நீர்ச்சத்து, உப்புகள். வாந்தியும் பேதியும் பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். ரத்தத்தில் அதை லிட்டருக்கு 4 மில்லி ஈக்விவலண்டுக்கு (உப்பின் அளவைச் சொல்லும் அலகு) மேலும், மக்னீசியத்தை டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேலும் வைத்திருக்கப் பார்ப்போம். பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலண்ட் இருக்கும். அதை டிரிப்ஸில் கலந்து, கை நரம்பில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலண்ட் என்ற அளவில் மட்டுமே ஏற்ற வேண்டும். நேராக ஊசியில் போட்டால் இதயம் நின்றுவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குக் கணக்கே வேறு.

எங்களைக் கேட்டால், வைரஸைவிட மாத்திரைப் பட்டைதான் அதிகம் பயமுறுத்தும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அசித்ரோமைசின், வாந்திக்கு டோம்பெரிடோன், வார்டில் ஏறும் ஒண்டன்செட்ரான் எல்லாமே இசிஜியில் க்யூடி இடைவெளியை (இதயக் கீழறை துடித்து அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம்) நீட்டுபவை. மூன்றும் சேர, பொட்டாசியமும் குறைந்தால் ஆபத்தான கீழறைத் துடிப்பு வரலாம். அதனால் வீட்டில் சாப்பிட்ட மாத்திரைப் பட்டைகளை, காலியானதையும் சேர்த்து, கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த இடைவெளியைத் துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திச் சொல்லச் சில கணக்குகள் உண்டு. துடிப்பு வேகமாக இருக்கும்போது மெஷின் போடும் பேசெட் கணக்கு அதைக் கூட்டிக் காட்டும், ஃப்ரெடரிசியா என்ற இன்னொரு கணக்கில் போட்டுப் பாருங்கள். அதிலும் 500 மில்லி விநாடியைத் தாண்டினால் அந்த மருந்துகளை நிறுத்திவிட வேண்டும். அந்தக் கீழறைத் துடிப்பே வந்துவிட்டால் மக்னீசியம் சல்பேட் 2 கிராம் நரம்பில், பல்ஸ் இல்லையென்றால் உடனே ஷாக்.

டெங்குவில் கதை தலைகீழ். காய்ச்சல் விட்டபின் பல்ஸ் 50-க்கு இறங்கும், உறவுக்காரர்கள் பதறுவார்கள். பிபி சரியாக இருந்து, சிறுநீர் நன்றாகப் போய், மயக்கமும் இல்லையென்றால் பெரும்பாலும் சில நாளில் தானாகத் தேறிவிடும்.

கோவைக்கு அனுப்புவதானால் இருட்டும் முன் முடிவெடுங்கள். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகலாம். பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர்தான் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரத்தில் காலி, ஆகவே இன்னொன்று வண்டியில் இருக்கட்டும். டிஃபிப் பேட்களை (ஷாக் கொடுக்க நெஞ்சில் ஒட்டுபவை) மலை இறங்கும் முன்பே ஒட்டிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஆடும் வண்டிக்குள் ஒட்டுவது பெரும்பாடு.

வைரஸ் இதயத்தையும் தாக்கி, இதயத் தசை அழற்சி என்று உறுதியானவருக்கு மூன்று முதல் ஆறு மாதம் கடும் உழைப்பு கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஓய்வு’ என்று மட்டும் எழுதினால் எஸ்டேட்டில் அடுத்த வாரமே வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ‘இலை மூட்டை சுமந்து மேடு ஏறக் கூடாது’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.