கரையில் இறங்கக் கப்பல் கார்டு மட்டும் போதுமா?

முதல் தடவை க்ரூஸ் போனபோது கழுத்தில் கப்பல் கார்டு (ஏறி இறங்கும்போது காட்ட கப்பலில் கொடுக்கும் அட்டை), கையில் தண்ணீர் பாட்டில், இவ்வளவோடு கரையில் இறங்கிவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தால் துறைமுக கேட்டில் நின்ற காவலர் கார்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு போட்டோ ஐடி எங்கே என்றார். கார்டில் என் பெயர் இருக்கிறது, கப்பல் பெயர் இருக்கிறது, என் முகம் இல்லை. முகம் கப்பலின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஏறும் இடத்தில் கார்டை ஸ்கேன் செய்தால் அங்கே இருப்பவருக்குத் திரையில் தெரியும், கேட்டில் நிற்பவரிடம் அந்தத் திரை கிடையாது. கப்பல் கண்ணெதிரே நிற்கிறது, போக முடியவில்லை. கப்பலில் இருந்து ஒருவர் வந்து கூட்டிப் போகும்வரை வெயிலில் நின்றேன்.

அந்தக் காவலர் மேல் தப்பில்லை. கப்பல் வேறு, துறைமுகம் வேறு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கொண்டுவந்த ஐஎஸ்பிஎஸ் என்ற பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலை 1 முதல் அமலில் இருக்கின்றன, அதன்படி உள்ளே யார் வருகிறார்கள் என்று துறைமுகமும் தன் பங்குக்குப் பார்க்க வேண்டும். சில இடங்களில் கார்டைப் பார்த்ததும் கையசைத்து விட்டுவிடுவார்கள், சில இடங்களில் அரசு கொடுத்த போட்டோ அடையாள அட்டையும் வேண்டும்.

சரி, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இறங்குவதா, கேபின் லாக்கரில் வைப்பதா? இதற்கு ஒரே பதில் இல்லை. அந்த நாடு ஒரிஜினல் கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும், முந்தின ராத்திரி கேபினுக்கு வரும், மறுநாள் விவரங்களைச் சொல்லும் தினசரித் தாளிலோ கப்பலின் ஆப்பிலோ அது இருக்கும். (சில கப்பல்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், தேவைப்படும் துறைமுகத்தில் திருப்பித் தருவார்கள், பயப்பட வேண்டாம்.) கேட்காத ஊரில் நான் லாக்கரில்தான் வைக்கிறேன். பையில் கலர் ஜெராக்ஸ், கூடவே டிரைவிங் லைசென்ஸ். கடலில் குளிக்கும் நேரத்தில் பையோடு பாஸ்போர்ட் போனால் அடுத்து தூதரகம்தான், அது பெரும்பாலும் தலைநகரில் இருக்கும், சனி ஞாயிறு திறக்காது, கப்பலோ அன்று சாயங்காலமே கிளம்பிவிடும். தொலைவான ஊருக்குத் தனியாகப் போகிறேன், கப்பலைத் தவறவிட வாய்ப்பிருக்கிறது என்றால் மட்டும் ஒரிஜினல் கூடவே வரும். ஆள் வரவில்லை என்று தெரிந்தால் லாக்கரில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து, அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைப் பார்க்கும் துறைமுக ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் கப்பல்களில் உண்டுதான், ஆனால் அதை நம்பி ஊர் சுற்ற எனக்குத் தைரியம் இல்லை.

இதைவிடப் பெரிய தலைவலி விசா. கப்பலில்தானே தூங்குகிறோம், அரை நாள் இறங்கிச் சுற்றினால் என்ன என்று தோன்றும். ஏதென்ஸ் பக்கத்தில் பிரேயஸில் ஏறி, துருக்கியின் குஷாதாசியில் ஒரு நாள் இறங்கி, மறுபடி கிரேக்கத் தீவுக்கு வரும் பயணத்தைப் பாருங்கள். கிரேக்கம் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் இருக்கிறது, துருக்கி இல்லை, அதனால் அந்தப் பகுதியை விட்டு வெளியே போய்த் திரும்ப நுழைகிறோம். ஷெங்கன் விசா தேவைப்படுகிறவருக்கு ஒரு முறை மட்டும் நுழையும் விசா இருந்தால் அது முதல் நாளே தீர்ந்து போயிருக்கும். துருக்கிக்கு உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பது தனிக் கதை. கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன் என்பதும் எல்லா இடத்திலும் எடுபடாது, வழியில் ஒரு நாட்டுக்கு விசா இல்லை என்று ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடலாம். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் சொல்லவில்லை என்று அங்கே நின்று சண்டை போட்டுப் பிரயோசனமில்லை, பேப்பர் சரியாக இருக்க வேண்டியது பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

பாஸ்போர்ட் காலாவதி தேதியையும் பாருங்கள், பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. அம்மா அல்லது அப்பா ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருப்பது நல்லது. கரையில் கார் வாடகைக்கு எடுக்கப் போகிறவர் சர்வதேச டிரைவிங் பெர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள், அது சொந்த ஊர் லைசென்ஸோடு சேர்ந்தால்தான் செல்லும்.

அப்புறம் அந்தத் தினசரித் தாள். துறைமுக ஏஜென்ட்டின் போன் நம்பரும், எத்தனை மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்பதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அந்த மணி கப்பல் நேரம், கரையில் இறங்கியதும் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே காட்டும். இப்போதெல்லாம் தாளைப் போட்டோவும் எடுத்துக்கொள்கிறேன், மடித்து ஜெராக்ஸோடு ஒரு பிளாஸ்டிக் கவரிலும் போட்டுக்கொள்கிறேன். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் பேப்பர் இருக்கும்.